பச்சைத் துணிக்குள் ஓர் உருண்டை

தெய்வசிகாமணிக்கு மூக்குதான் சொத்து. முப்பத்தைந்து வருஷம் குன்னூரில் தேயிலை ருசி பார்த்தவர். ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு, எந்தச் சரிவு, எந்த மழைக்குப் பிறகு பறித்த இலை என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு அந்த மூக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. இமயமலைக்கு வந்து சேர்ந்தபோது வயது அறுபத்துமூன்று.

அங்கே வாய்த்த குரு அவரைவிடப் பத்தொன்பது வயது இளையவர். பேச்சியம்மாள். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். இந்த மலைக்கு எப்படி வந்தீர்கள் என்று யாராவது கேட்டால் "பஸ்ஸுலதான்" என்பார். சடை, ஒரு காவிப் புடவை, கஞ்சா புகைக்க ஒரு சிலும்பி. மலைக்காரர்கள் மாயி என்றார்கள். சிகாமணி அம்மா என்றார். பேச்சியம்மாள் அவரை ஐயா என்றார். குருவே ஐயா என்று கூப்பிட்டால் சிஷ்யனுக்குத் தலை கொஞ்சம் கனக்கத்தான் செய்யும். சிகாமணிக்கும் கனத்தது.

ஐப்பசி வந்தால் அந்தச் சரிவுகளில் சரஸ் தேய்ப்பார்கள். கஞ்சாச் செடியின் பூவை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மெல்ல உருட்டவேண்டும். அவசரப்பட்டால் போயிற்று. காலையிலிருந்து உருட்டினால் சாயங்காலத்துக்குள் பிசின் படிந்து உள்ளங்கை கறுத்துவிடும். அதைச் சுரண்டித் திரட்டினால் ஒரு நெல்லிக்காய் அளவு சரஸ் தேறும். ஒரு நாள் உழைப்பு அவ்வளவுதான்.

சுரண்டும்வரை அந்தக் கையால் எதையும் தொடமாட்டார்கள். சாப்பாடுகூட வேறு யாராவது ஊட்டவேண்டும். பிசின் மேலே ஏறிவிடக் கூடாது என்று மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கடுகெண்ணெய் தடவிக்கொள்வார்கள்.

சிவராத்திரியன்று பேச்சியம்மாள் இருந்த மடத்தின் அணையா நெருப்பில் அந்த வருஷத்தின் சிறந்த சரஸைப் படைப்பது வழக்கம். அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு தனக்கு வேண்டும் என்று சிகாமணி ஆசைப்பட்டார். அது கிடைத்தால் தீட்சையும் கிடைத்த மாதிரிதான் என்று அவராகவே முடிவுகட்டியிருந்தார்.

தினமும் கேட்பார்.

"நல்ல சரஸுன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

"நீங்கதான் சொல்லுங்களேன் ஐயா."

"உள்ளங்கைச் சூட்டுக்கு இளகணும். மேல கறுப்பு, பிட்டா உள்ள பழுப்பு. மோந்தா முதல்ல மிளகு, அடுத்து தேவதாரு. கடைசியில பழுத்த மாம்பழத் தோல்."

"அவ்வளவுதானா?"

"வேற என்னம்மா இருக்கு?"

பேச்சியம்மாள் நெருப்புக்குள் விறகைத் தள்ளுவார். சிகாமணி மறுநாளும் கேட்பார்.

அந்த ஐப்பசியில் சிகாமணி போய் ஒட்டிக்கொண்டது ரூப்தேயியிடம். மடத்துக்குக் கீழே இருந்த கிராமத்துக்காரி, நாற்பது வயதிருக்கும். அவளைப்போல நிதானமாகத் தேய்க்க அந்த மலையில் ஆளில்லை என்று எல்லாருமே சொன்னார்கள். சிகாமணி மத்தியானம் ரொட்டியை எடுத்துக்கொண்டு அவள் வயலுக்குப் போய்விடுவார். ஊட்டுகிற சாக்கில் அவள் கையை மோந்து பார்க்கலாம்.

"பாபுஜி, உங்க மூக்கு என் கையில இருக்கு. ரொட்டி என் மூக்குல போகுது" என்று ரூப்தேயி சிரிப்பாள்.

அப்படி இருந்த ரூப்தேயி ஒரு நாள் வயலிலிருந்து விழுந்துவிட்டாள். அந்தச் சரிவில் வயல்கள் படிப்படியாக இருக்கும். ஒவ்வொரு படிக்கும் கல்லடுக்கிய விளிம்பு. விளிம்புக் கல் பிசகி, இரண்டு ஆள் உயரம் கீழே போய்விட்டாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. நான்கு பேர் கட்டிலில் வைத்துச் சாலைவரை தூக்கிப் போனார்கள். பேச்சியம்மாளும் கூடவே நடந்தார். இனிமேல் அவள் மேடு ஏறுவது சந்தேகம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

சத்தம் கேட்டு ஓடிப்போனேன் என்று சிகாமணி எல்லாரிடமும் சொன்னார். மூன்று நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பாவம், கூடப் பழகியவர் என்று மடத்தில் அவரை விட்டுவிட்டார்கள்.

நான்காம் நாள் பகலில் அவர் பேச்சியம்மாள் முன் வந்து உட்கார்ந்தார். மடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். பச்சைத் துணி. உள்ளே கறுப்பாக ஓர் உருண்டை.

"இதைப் பாருங்கம்மா."

பேச்சியம்மாள் உருண்டையை எடுத்துக் கல்லின் மேல் வைத்தார். துணியைத்தான் விரித்துப் பார்த்தார்.

"இது என்ன துணி ஐயா?"

"ஏதோ கிடைச்ச துணி. நீங்க உருண்டையை மோந்து பாருங்க."

"பொத்தான் இருக்கே."

சிகாமணி நெருப்பைப் பார்த்தார்.

"ரூப்தேயி பச்சைச் சட்டை போட்டிருந்தா," என்றார் பேச்சியம்மாள். "கட்டில்ல தூக்கிட்டுப் போறப்ப ஒரு பக்கம் சட்டைக்கை இல்ல. கல்லுல மாட்டிக் கிழிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"அவ சட்டைதாம்மா."

"உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

சிகாமணி உருண்டையைக் கல்லின் நடுவே நகர்த்தி வைத்தார்.

"நான் அங்கதான் இருந்தேன்," என்றார் சிகாமணி. "ரொட்டி ஊட்டி முடிச்சேன். அவ எந்திரிச்சா. கல்லு பிசகிருச்சு. ரெண்டு கையையும் என்கிட்ட நீட்டினா."

"பிடிச்சீங்களா?"

"மணிக்கட்டைப் பிடிச்சேன். எண்ணெய். வழுக்கிருச்சு. வழுக்கி உள்ளங்கைக்கிட்ட வந்துச்சு. விட்டுட்டுச் சட்டையைப் பிடிச்சேன். அது கிழிஞ்சு என் கையோட வந்துருச்சு."

"எதுக்கு விட்டீங்க?"



"காலையிலேருந்து தேய்ச்சது கையில இருந்துச்சும்மா."

பேச்சியம்மாள் மலையில் எத்தனையோ பார்த்தவர். பனிச்சரிவில் ஊர் புதைந்ததைப் பார்த்திருக்கிறார். இதைக் கேட்டதும் அவருக்குக் கை கால் ஓடவில்லை. பிடித்திருந்த துணியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே இருந்தார்.

"யோசிச்சா செஞ்சீங்க?"

"சத்தியமா இல்லம்மா. கை அதுவாப் போச்சு."

"யோசிச்சுச் செஞ்சேன்னு சொல்லியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு பகீர்னு இருக்காது ஐயா."

சிகாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"அவ விழுந்த பிறகு?"

"சுத்திக்கிட்டு இறங்கிப் போனேன். ஆள் கூப்பிட்டேன். யாரும் உடனே வரல. அவளுக்கு நினைவு இருந்துச்சு. ரெண்டு கையையும் மண்ணுல படாம தூக்கிப் பிடிச்சிருந்தா. முதல்ல இதை எடுன்னா."

"எடுத்தீங்க."

"அவதாம்மா சொன்னா."

"எடுத்தீங்க."

"எடுத்தேன்."

"அவளுதுதானே. அவ வீட்டுல கொடுக்கலியா?"

"முந்தாநாளே கொண்டு போனேன். அவ புருஷன் அதைப் பாத்துட்டு, இது என் வாசப்படி ஏறக்கூடாது, எங்கயாவது கொண்டு போன்னுட்டான்."

விறகு ஒன்று முறிந்து சரிந்தது. இருவரும் அதைச் சரிசெய்யவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்குறேன். என்னை என்ன வேணா சொல்லுங்க. இதுக்கு மட்டும் பதில் சொல்லிருங்க." சிகாமணி உருண்டையைக் காட்டினார். "மூணு நாளா மோந்து பாக்குறேன். மிளகு வருது. தேவதாரு வருது. எல்லாம் வருது. ஆனா எனக்கு என் மூக்கு மேலயே நம்பிக்கை போயிருச்சு. இது நல்ல சரஸா? அதை மட்டும் சொல்லுங்க. ஒண்ணுமில்லாத சரக்குக்காகவா நான்..."

வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

பேச்சியம்மாள் எழுந்தார். விளக்குமாடத்தில் இருந்த கடுகெண்ணெயை எடுத்து, இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நன்றாகத் தடவிக்கொண்டார். கல்லின் மேல் இருந்த உருண்டையை எடுத்தார்.

"வாங்க."

"எங்கம்மா?"

"கேட்டீங்கல்ல. பாத்துருவோம்."

நடக்கும்போதே உருண்டையை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்துகொண்டு போனார். பின்னால் சிகாமணி. ரூப்தேயியின் வயலில் செடிகள் பாதி தேய்த்தும் பாதி தேய்க்காமலும் நின்றன. விளிம்பில் ஒரு கல் இருந்த இடம் பொக்கையாக இருந்தது. கீழ்ப் படியில் நான்கு நாளைக்கு முந்தைய ரொட்டித் துண்டு ஒன்றைக் காக்கை இழுத்துக்கொண்டிருந்தது.

பேச்சியம்மாள் அங்கே நின்று, இளகிய உருண்டையை இரண்டு கையிலும் தேய்க்க ஆரம்பித்தார். கொஞ்சம் கொஞ்சமாக அது உள்ளங்கை முழுக்கப் பரவியது.

"அம்மா, அது பாழாப் போயிரும்," என்றார் சிகாமணி.

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

பேச்சியம்மாள் நிறுத்தவில்லை. உருண்டை முழுதும் தீரும்வரை தேய்த்தார். இரண்டு கையும் ரூப்தேயியின் கை மாதிரியே கறுத்துவிட்டது. பிறகு பள்ளத்துக்கு முதுகைக் காட்டி, குதிகால் இரண்டும் விளிம்புக்கு வெளியே இருக்கும்படி நின்றார். கல் ஆடியது. அவருடைய கால்விரல்கள் கல்லை இறுக்கிப் பிடித்தன. குருவாக இருந்தாலும் உயிர்ப் பயம் இல்லாமல் போகுமா?

கைகளை நீட்டினார்.

"பிடிங்க."

"வேண்டாம்மா."

"பிடிங்க ஐயா."

அப்படியே பின்னால் சாய்ந்துவிட்டார்.

சிகாமணி பாய்ந்தார். கை அதுவாகப் போயிற்று. இந்தத் தடவையும் அது மணிக்கட்டுக்குத்தான் போயிற்று. எண்ணெயில் பிடி நிற்கவில்லை. அந்த மெலிந்த உடம்பு சரசரவென்று கீழே போவது தெரிந்தது. மணிக்கட்டைத் தாண்டி அவர் விரல்கள் வழுக்கி உள்ளங்கைக்கு வந்தன.

அங்கே நின்றுவிட்டன.

நான்கு கையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சிகாமணி குதிகாலை மண்ணில் ஊன்றிப் பின்னால் விழுந்தார். விழுந்த வேகத்தில் பேச்சியம்மாளும் விளிம்பைத் தாண்டி மேலே வந்து அவர் பக்கத்தில் குப்புற விழுந்தார்.

கொஞ்ச நேரம் இருவருக்கும் மூச்சு வாங்கியது. பேச்சியம்மாளின் முகத்தில் ரத்தமே இல்லை. புடவை முழங்காலருகே கிழிந்திருந்தது.

சிகாமணி எழுந்து உட்கார்ந்து கையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார். ஒரு விரலைப் பிரித்தால் இன்னொன்று போய் ஒட்டிக்கொண்டது. அவர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ரூப்தேயி நீட்டிய கையும் இதேபோல் ஒட்டிப் பிடித்திருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் வாய்விட்டு அழுதார். கண்ணைத் துடைக்கக் கை இல்லை.

பேச்சியம்மாள் அவர் அழுது ஓயும்வரை காத்திருந்தார்.

"கேட்டீங்களே ஐயா," என்றார். "நல்ல சரஸ்தான். விடமாட்டேங்குது பாருங்க."