குவாரி மேட்டில் நின்ற வண்டி

சென்னியப்பனுக்கு ஐம்பத்தொரு வயதில் ஒரு குரு அமைந்தார். குருவுக்கு வயது முப்பத்தாறு. பெயர் பல்கீஸ். சங்ககிரி பைபாஸ் ஓரத்தில் இன்ஜின் பட்டறை வைத்திருந்தார்.

சென்னியப்பன் ஒன்றும் தெரியாதவர் அல்ல. ஈரோட்டில் சொந்தமாக லேத் நடத்தியவர். ஒருமுறை போர்வெல் வண்டிக்குக் கடைந்த ஒரு பாகத்தைக் கொடுக்க அந்தப் பட்டறைக்கு வந்தார். பல்கீஸ் ஒரு வண்டிக்குள் கையை விட்டிருந்தார். இன்ஜினுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி நுழைந்தால் அதிகம். அங்கே ஒரு குழாயைக் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டு, ஒரு கீறல் படாமல் கையை வெளியே எடுத்தார்.

சென்னியப்பன் வந்த வேலையை மறந்து நின்றுவிட்டார். அடுத்த வாரம் லேத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு மறுபடியும் வந்தார்.

"என்னங்கண்ணா, எதையாவது வெச்சிட்டுப் போயிட்டீங்களா?"

"இல்லீங்க. இடமே இல்லாத இடத்துல வேலை செய்யறீங்களே, அதைக் கத்துக்கணும்."

பல்கீஸ் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு லேத்து வராதுங்கண்ணா. நீங்க அதைச் சொல்லுங்க. நான் இதைச் சொல்றேன்."

அன்றிலிருந்து சென்னியப்பன் அவரை வாத்தியாரம்மா என்றே கூப்பிட்டார். பட்டறைக்கு வருகிறவர்கள் சிரித்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

பல்கீஸ் அதிகம் பேசமாட்டார். ஒரு வண்டி வந்தால் முதலில் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நின்று பார்ப்பார். பிறகுதான் தொடுவார். சென்னியப்பன் அவர் அப்படி நிற்பதையே ஒரு மாதம் பார்த்தார். பார்க்கப் பார்க்க மரியாதை கூடியது.

ஒருநாள் ஒரு டிரஸ்ட் நடத்தும் ஆம்புலன்ஸ் வந்தது. மேற்கே கல் குவாரிகளைச் சுற்றியிருக்கும் ஊர்களுக்கெல்லாம் அது ஒன்றுதான். டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவே இன்ஜின். மேலே ஒரு மூடி. அதைத் திறந்தால் உள்ளே விரல் வைக்க இடமில்லாமல் எல்லாம் நெருக்கியடித்துக் கிடந்தன.

டிரைவர் கைலாசம் குறையைச் சொன்னார்.

"மேடு ஏறுறப்ப மூச்சு வாங்குதுங்க. கல்லு ஒடைக்கிற கிரஷர் புழுதி மாவு மாதிரி. கம்பெனி ஏர் ஃபில்டர் ஒரு வாரம் தாங்கறதில்ல. பெருசா ஏதாவது செஞ்சு குடுங்க."

பல்கீஸ் சென்னியப்பன் பக்கம் திரும்பினார்.

"இதை நீங்க செய்யுங்கண்ணா."

சென்னியப்பன் அட்டையை வெட்டி உள்ளே வைத்து வைத்துப் பார்த்தார். ஒரே பெரிய ஃபில்டர் எப்படித் திருப்பினாலும் இடித்தது. அதனால் இரண்டாகப் பிரித்தார். கவட்டைக் குச்சி மாதிரி ஒரு குழாய் செய்து, கிளைக்கு ஒரு ஃபில்டராக மாட்டினார். ஒன்று பேட்டரிக்குப் பின்னால் பதுங்கியது. மற்றொன்று ரேடியேட்டர் ஹோஸுக்கு அடியில் வளைந்து போய் உட்கார்ந்தது. இரண்டையும் தாங்க அலுமினியத்தில் ஒரு பிராக்கெட் கடைந்து பற்றவைத்தார். மூடி போட்டபோது உள்ளே கடுகளவு இடம் மிச்சமில்லை.

பல்கீஸ் வந்து பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டியபடி வெகுநேரம் நின்றார். பிறகு குனிந்து, பற்றவைத்த இடத்தை விரலால் தடவினார்.

"இப்படி எனக்கு வராதுங்கண்ணா," என்றார்.

அன்றைக்குச் சென்னியப்பனுக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

டிரஸ்டுக்குத் திருப்பிக் கொடுக்கும் முன் வண்டியைக் குவாரியிலேயே ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. ஸ்ட்ரெச்சர் இருக்கும் இடத்தில் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மூவரும் போனார்கள். குழி ஆழம். உள்ளே இறங்கி ஏற ஒற்றை மண் தடம். காலையிலிருந்து இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார்கள். வண்டி முக்காமல் முனகாமல் ஏறியது.

"வண்டிக்கு வயசு கொறஞ்சிருச்சுங்க!" என்றார் கைலாசம்.

கடைசித் தடவையாகக் குழிக்குள் இறங்கியிருந்தபோது கூச்சல் கேட்டது. பாறை ஒன்று சரிந்து அர்த்தநாரி என்ற தொழிலாளியின் காலில் விழுந்திருந்தது. நாலைந்து பேர் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அங்கேயே வேலை செய்த அவர் மனைவி பாவாயி, ரத்தம் வழியும் காலைத் தன் சேலையால் அழுத்திப் பிடித்தபடி கூடவே வந்தாள்.

மணல் மூட்டைகளைக் கீழே தள்ளினார்கள். அர்த்தநாரியைப் படுக்க வைத்தார்கள். வண்டி ஏறத் தொடங்கியது.

முன்னால் ஒரு டிப்பர் லாரி கிரஷர் தூளோடு போய்க்கொண்டிருந்தது. தார்ப்பாய் இல்லை. காற்றில் தூள் மூடுபனி மாதிரி இறங்கியது. ஒதுங்கிப் போக வழியில்லை. பாதி மேட்டில் இன்ஜின் இருமியது. கரும்புகை கக்கியது. நின்றது.

கைலாசம் சாவியைத் திருப்பினார். உறுமிவிட்டு மறுபடியும் நின்றது. அவர் இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

"ஃபில்டர் அடைச்சிருச்சு," என்றார் பல்கீஸ். "கழட்டித் தட்டிட்டு மாட்டுங்கண்ணா."

சென்னியப்பன் மூடியைத் தூக்கினார். அனல் முகத்தில் அடித்தது. பட்டறையில் அதை எத்தனையோ முறை கழற்றி மாட்டியவர்தான். ஹோஸுக்கும் பேட்டரிக்கும் நடுவே கையைச் செருகி, மணிக்கட்டை ஒரு மாதிரி திருப்பினால், குழாயை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்ப்பின் ஸ்குரூ கிடைக்கும். இப்போது கை உள்ளே போனது. திரும்பவில்லை. ஸ்குரூ டிரைவர் நுனி வழுக்கியது. மறுபடியும் வைத்தார். மறுபடியும் வழுக்கியது.

பின்னாலிருந்து பாவாயி கேட்டாள். சத்தம் போடவில்லை.

"வண்டி ஏனுங்க நிக்குது?"

சென்னியப்பனின் கை நடுங்கத் தொடங்கியது. ஸ்குரூ டிரைவர் நழுவி இன்ஜினுக்கு அடியில் எங்கோ விழுந்தது. அவர் வெறும் விரலால் ஸ்குரூவைத் திருகப் பார்த்தார். நகம் பெயர்ந்தது.

"விலகுங்கண்ணா."

பல்கீஸ் டயர் கழற்றும் இரும்பு லிவரோடு வந்தார். அதைப் பிராக்கெட்டுக்கு அடியில் கொடுத்து ஒரே நெம்பு நெம்பினார். கடைந்து, பற்றவைத்து, தேய்த்து மெருகேற்றிய பிராக்கெட் படாரென்று முறிந்தது. அதைச் செய்தவர் பக்கத்தில் நிற்கிறாரே என்ற தயக்கம் அந்தக் கையில் இல்லை. இன்னொரு நெம்பில் கிளாம்ப் பிய்ந்தது. கவட்டைக் குழாயையும் இரண்டு ஃபில்டர்களையும் சேர்த்து உருவி எடுத்து, சக்கரத்தின் மேல் தட்டினார். புழுதி கொட்டியது.

"இனி மாட்ட முடியாதுங்களே," என்றார் சென்னியப்பன். "ஃபில்டர் இல்லாமலே ஓட்டிரலாங்க. ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடும்."

"ஓடும். இந்தப் புழுதியைக் குடிச்ச இன்ஜின் அப்புறம் எத்தனை நாளைக்குங்கண்ணா? நாளைக்கு வேற ஒருத்தருக்கு இந்த வண்டி வேணும். துண்டைக் குடுங்க."

சென்னியப்பனின் தோளில் இருந்த துண்டை உருவி, குழாயின் கழுத்தில் சுற்றி, இன்ஜின் வாயில் அழுத்தினார். சீட்டில் மண்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

"எடுங்க வண்டியை."

வண்டி ஏறியது. குழியை விட்டு வெளியே வந்தது. புழுதி பறக்கும் தார் ரோட்டைப் பிடித்தது. மூடி திறந்தே கிடந்தது. பல்கீஸின் வலது முன்கை கொதிக்கும் ரேடியேட்டர் ஹோஸின் மேல் படிந்திருந்தது. சென்னியப்பன் அதைப் பார்த்தார்.

"நான் புடிக்கறேனுங்க வாத்தியாரம்மா."

"கை மாத்துனா புழுதிக் காத்து உள்ள போயிரும். நீங்க பின்னால போயி அந்த அம்மாகிட்டப் பேசிட்டு வாங்க."

ஆஸ்பத்திரி வாசலில் இன்ஜினை அணைத்த பிறகுதான் கையை எடுத்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வழன்றிருந்தது.

அர்த்தநாரியின் பாதத்தை எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் தப்பியது. கொஞ்சம் பிந்தியிருந்தால் அதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னார். பாவாயி வெளியே வந்து பல்கீஸின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். அந்தக் கையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் திரும்பும் வழியில் சென்னியப்பன் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கேட்டார்.

"என் வேலையில குறை இருக்குதுன்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுங்களா?"

"தெரியாதுங்கண்ணா. தெரிஞ்சிருந்தா குழிக்குள்ள இறக்கியிருப்பனா?"

"அன்னைக்கு அவ்வளவு நேரம் நின்னு பார்த்தீங்களே?"

"பார்த்தேன். வேலை அழகா இருந்துச்சு. அழகையே பார்த்துட்டு நின்னுட்டேன்."

சென்னியப்பன் அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல உணர்ந்தார். கூச்சமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுபடியும் வேலை தொடங்கியது. பல்கீஸின் வலது கை கட்டில் இருந்ததால் செய்ததெல்லாம் சென்னியப்பன்தான். பல்கீஸ் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். இரண்டு ஃபில்டர்களையும் ஓர் அளவு சிறியதாக மாற்றினார்கள். ஹோஸுக்கு அடியில் கிடந்ததை மேலே கொண்டுவந்தார்கள். கிளாம்ப் போய், கட்டை விரலால் தட்டினால் விடுகிற கிளிப் வந்தது.

சென்னியப்பன் கையை விட்டு எடுத்துக் காட்டினார். நன்றாகப் போய் வந்தது.

"இன்னும் கொஞ்சம் இடம் விடுங்கண்ணா," என்றார் பல்கீஸ்.

சென்னியப்பன் பேட்டரியைக் கழற்றி வண்டியின் படிக்கட்டுக்குக் கீழே கொண்டுபோனார். வயரை நீட்டி இழுத்தார். இடம் கிடைத்தது. கைலாசத்தைக் கூப்பிட்டுக் கையை விடச் சொன்னார். கைலாசத்துக்கு ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பேறிய பெரிய கை. அதுவும் போய் வந்தது. கைலாசம் ஃபில்டரைக் கழற்றினார், தட்டினார், மாட்டினார். பீடி பற்றவைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"இன்னும்," என்றார் பல்கீஸ்.

சென்னியப்பன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கோபமில்லை. புரியவில்லை.

"வாத்தியாரம்மா, என் கை தாராளமாப் போகுது. கைலாசம் கையும் போகுது. இதுக்கு மேல இடம் விட்டா ஃபில்டரை இன்னும் சின்னதாக்கணும். இங்க பாருங்க." அவர் மறுபடியும் கையை உள்ளே விட்டு, விரல்களை விரித்து, மடக்கிக் காட்டினார். "எங்கயாவது இடிக்குதுங்களா?"

பல்கீஸ் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்.

"இடிக்கல," என்றார். "இந்தக் கைக்கு இந்த இடம் போதுங்கண்ணா. அன்னைக்கு மேட்டுல நடுங்குச்சே, அந்தக் கைக்குத்தான் பத்தாது."