பெரிய பொருள் கிடைச்சிருக்கு!

தில்லைநாயகம் வீட்டுச் சமையலறை சிங்க்குக்கு அடியில், மிச்சம் மீதியை அரைத்துத் தள்ளும் மெஷின் ஒன்று இருந்தது. அவர் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் அது உறுமிவிட்டு நின்றது. சிங்க் நிரம்பி நாற்றம் கிளம்பியது.

"ஏய் செங்கமலம்! நீதான் எதையோ போட்டிருக்கே. அவங்க வர்றதுக்குள்ள சரி பண்ணு, இல்லேன்னா வேலையை விட்டுப் போ!" என்று சமையல்காரியிடம் கத்தினார்.

செங்கமலம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இடுக்கியை உள்ளே விட்டுத் துழாவினாள். சிக்கியதை எடுத்துச் சட்டென்று துணியில் மூடிக்கொண்டாள். நல்லது எதுவானாலும் தன்னுடையது என்பார் முதலாளி. அது அவளுக்குத் தெரியும்.

"அய்யா! பெரிய பொருள் கிடைச்சிருக்கு! யாரு தொலைச்சது?"

"என்னோடதுதான்!" என்று பாய்ந்து வந்தார். "நேத்து கை கழுவும்போது நழுவிடுச்சு. குடு!"

துணியை விலக்கினாள். ஆட்டு நல்லி எலும்பு!

"நேத்து கிருத்திகை விரதம்னு சொன்னீங்களே?" என்றாள் சத்தம் கேட்டு வந்த அவர் மனைவி.

செங்கமலம் பிளக்கை மாட்டி, தண்ணீரைத் திறந்து, சுவிட்சைத் தட்டினாள். மெஷின் கடகடவென்று ஓடியது! அதே நேரம் வாசலில் கார் வந்து நின்றது.

"செங்கமலம்மா... வர்றவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று குழைந்தார் தில்லைநாயகம்.

"சொல்ல மாட்டேன் அய்யா. அடுத்த விரதத்துக்கு எலும்பைக் குப்பைத் தொட்டியில போடுங்க, போதும்."