ரெட்டைத்தலைக் கணவாயில் ஒச்சப்பனுக்கு நிச்சயம்

கோணப்பட்டியில் ஒருத்தருக்குப் புத்தி கூட, ஒருத்தருக்குக் குறைச்சல் என்று சொல்லவே முடியாது. இருந்ததை எல்லோரும் சமமாகத்தான் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பங்குக்குக் கடைசியாக வந்து நின்றவன் ஒச்சப்பன்.

வயது முப்பத்தாறு. பதினேழு இடத்தில் பெண் பார்த்து, பதினேழு இடத்திலும் காபியை மட்டும் குடித்துவிட்டுத் திரும்பியவன். பதினெட்டாவதாக, ரெட்டைத்தலை மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்ச் செவனம்மா எப்படியோ சரி என்று சொல்லிவிட்டாள். கேட்டதும் ஒச்சப்பன் பசுமாட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான்.

அந்த இரண்டு ஊருக்கும் ஒரு வழக்கம். நிச்சயத்துக்கு யாரும் யார் வாசலையும் மிதிக்க மாட்டார்கள். மலையின் இரண்டு தலைக்கும் நடுவில் பள்ளமாய் ஒரு கணவாய் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் இந்தப் பக்கமாகவும் பெண் வீட்டார் அந்தப் பக்கமாகவும் ஏறிப்போய் அங்கேதான் தட்டு மாற்றிக்கொள்வார்கள். மூச்சு முட்டுகிற ஏற்றம், மேலே போனால் பல் கிட்டிக்கொள்ளும் குளிர். விடிந்து போனால் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும்.

செவனம்மாவின் அப்பா சடைமாயன் மலைக்காவல் வேலை பார்ப்பவர். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கடிதம் எழுதிப் போட்டார்.

"புதன்கிழமை விடியுமுன் கிளம்பவும். வேண்டாத பாரம் தூக்க வேண்டாம். மெதுவாக நடக்கிறவரை முன்னால் விடவும், அவரை யாரும் முந்தக் கூடாது. மணி ஒன்று ஆனதும் எங்கே இருந்தாலும் திரும்பிவிடவும், மேகம் இறங்கிவிடும். அன்றைக்குத் தட்டு மாற்றாவிட்டால், ஏற்கெனவே பெண் கேட்டு வந்த லாரிக்காரருக்குக் கொடுத்துவிடுவேன்."

ஒச்சப்பனின் தாய்மாமன் மொக்கைச்சாமி கடிதத்தை மூன்று தடவை வாசித்தார். ஊரிலேயே கைக்கடிகாரம் கட்டியவர் அவர் ஒருத்தர்தான் என்பதால் எல்லாவற்றுக்கும் அவர்தான் தலைவர். ஒச்சப்பனின் கூட்டாளிகள் வீரணனும் தவசியும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"மெதுவா நடக்கிறவன் முன்னால போகணுமாம். அப்போ அது பெரிய மரியாதை. நம்மள்ல யாருய்யா மெது?" என்று கேட்டார் மொக்கைச்சாமி.

"நான்தான்" என்றான் வீரணன். "எங்க அப்பன் செத்ததுக்கே மறுநாள்தான் போய்ச் சேர்ந்தேன்."

"சும்மா இருடா. நான் நடந்தா நடக்கிறேனா நிக்கிறேனான்னு எங்க வீட்டு நாய்க்கே சந்தேகம் வந்துரும்" என்றான் தவசி.

பேச்சு முற்றிக் கைகலப்பு வரைக்கும் போனதால், மொக்கைச்சாமியும் சேர்ந்துகொள்ள, டீக்கடை வரைக்கும் ஒரு பந்தயம் வைத்தார்கள். கடைசியாக வருகிறவன் ஜெயித்தவன். காலையில் விசில் ஊதியாயிற்று. மத்தியானம் வரைக்கும் மூன்று பேரும் கோட்டைத் தாண்டவில்லை. சாயங்காலம் பசி தாங்காமல் வீரணன் ஓரடி வைத்துத் தோற்றான். கொசு கடித்ததில் தவசி துள்ளிக் குதித்துத் தோற்றான். மொக்கைச்சாமி நின்றபடியே தூங்கிப்போயிருந்தார். அவருக்கு மாலை போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஒச்சப்பன் மட்டும் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தான். டீக்கடைக்கே இந்த நடையென்றால் மலைக்கு?

புதன்கிழமை சொன்னபடி நாலு பேரும் விடியுமுன் கிளம்பினார்கள். அடிவாரம் வந்ததும் மொக்கைச்சாமி கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார்.

"வேண்டாத பாரம் தூக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. சோத்து மூட்டை என்னா கனம் கனக்குது பாரு."

"மத்தியானம் பசிக்குமே, மாமா" என்றான் ஒச்சப்பன்.

"மத்தியானம்தானே? இப்போ வேண்டாததுதானே அது?"

"தூக்கிப் போட்டுரலாமா?" என்றான் தவசி.

"சோத்தைப் போடலாமாடா, பாவி! சாப்பிட்டுட்டா பாரமே இல்லையே."

காலைக்கு, மத்தியானத்துக்கு, ராத்திரிக்கு என்று கட்டியிருந்த புளிசாதம் மொத்தத்தையும் அங்கேயே உட்கார்ந்து தின்று தீர்த்தார்கள். மூட்டை லேசாகிவிட்டது. ஆனால் யாராலும் எழுந்திருக்க முடியவில்லை. அப்படியே சாய்ந்தவர்கள் முகத்தில் வெயில் சுள்ளென்று அடித்தபோது கண் விழித்தார்கள். கடிகாரத்தில் மணி ஒன்பதரை.

ஏறத் தொடங்கினார்கள். மொக்கைச்சாமி முன்னால். பட்டம் வாங்கியவர், அதைக் காப்பாற்ற வேண்டாமா? ஒரு காலைத் தூக்கினால் அதை எங்கே வைப்பது என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். விறகு சுமந்துகொண்டு பின்னால் வந்த ஒரு கிழவியை, மாமாவை முந்தக் கூடாது என்று மற்ற மூன்று பேரும் கெஞ்சி நிறுத்தினார்கள். அவள் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு போனாள்.

"மாமா, கொஞ்சம் எட்டிப் போடுங்க மாமா. எனக்குக் கல்யாணமே இல்லாமப் போயிரும்" என்று அழாக்குறையாகச் சொன்னான் ஒச்சப்பன்.

"வேகமாப் போனா நான் மெதுவா நடக்கிறவன் இல்லைன்னு ஆயிரும், மாப்ளே. அப்புறம் எப்படி நான் முன்னால போறது?"

ஒச்சப்பன் மாமாவின் முதுகில் முட்டாமல் நின்று நின்று நடந்தான்.

கணவாய் கண்ணுக்குத் தெரிந்தது. மேலே சடைமாயனும் பெண் வீட்டாரும் நின்று கையை ஆட்டினார்கள். நீலச் சேலையில் செவனம்மாகூடத் தெரிந்தாள். இன்னும் நூறு அடிதான். மொக்கைச்சாமி கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி ஒண்ணாக ஒரு நிமிஷம். எல்லாரும் திரும்பத் தயாரா நில்லுங்கப்பா."

"ஐயோ மாமா, அந்தா நிக்கிறா மாமா!"

"நிக்கட்டும். எங்கே இருந்தாலும்னு தெளிவா எழுதியிருக்காருல்ல?"

ஒச்சப்பனின் முப்பத்தாறு வருஷ வாழ்க்கையில் முதன்முதலாக அவனுக்கு ஒரு யோசனை வந்தது. பாய்ந்து மாமாவின் கையைப் பிடித்துக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் திருகை வெளியே இழுத்துவிட்டான். முள் நின்றது.

மொக்கைச்சாமி வெகுநேரம் கடிகாரத்தையே பார்த்தார். "இன்னும் ஒண்ணாகலை" என்று ஒப்புக்கொண்டார். "நடங்க."

அந்த நூறு அடியை ஏறி முடித்தபோது பெண் வீட்டார் கொண்டுவந்த பாயாசம் ஆறிக் கட்டியாகியிருந்தது. ஆனாலும் தட்டு மாற்றினார்கள். ஒரு மாதம் கழித்து முகூர்த்தம் என்று பேசினார்கள். செவனம்மா ஒச்சப்பனைப் பார்த்துச் சிரித்தாள், அவனுக்கு அது போதும்.

"சரி, மேகம் இறங்குது. சீக்கிரம் கிளம்புங்க" என்றார் சடைமாயன்.

மொக்கைச்சாமி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "மணி ஒண்ணானதும் திரும்புறோம், சம்பந்தி."

"மணி ரெண்டரைய்யா!"

"ஒண்ணாக ஒரு நிமிஷம்" என்று கடிகாரத்தைக் காட்டினார்.

"அந்தத் திருகை உள்ளே தள்ளித் தொலைங்களேன்!"

"மணி தானா ஆகணும். நாமளா ஆக்கினா அது முறையாகாது."

வீரணனும் தவசியும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். சடைமாயன் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் செவனம்மாதான் வழி சொன்னாள். "அவங்க திரும்ப வேண்டாம்ப்பா. நேரா நடந்து நம்ம ஊருக்கு வரட்டும்."

நாலு பேரும் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மூன்று வேளையும் இலை போடச் சொன்னார்கள். எப்போது ஊருக்குத் திரும்புவீர்கள் என்று மறுநாள் கேட்டபோதும் மணி ஒன்றாக ஒரு நிமிஷம்தான். இவர்களை ஒரு மாதம் வைத்துச் சோறு போட்டால் வீட்டை விற்க வேண்டியதுதான் என்று பயந்துபோய், சடைமாயன் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே முகூர்த்தம் குறித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை. பந்தல், மேளம், மணையில் ஒச்சப்பன், பக்கத்தில் செவனம்மா. தாலியை எடுத்துக் கையில் கொடுக்கும் நேரத்தில் மொக்கைச்சாமி கத்தினார்.

"நிறுத்துங்க! முகூர்த்தம் ஒன்பது மணிக்கு. இப்போ ஒண்ணாகப் போகுது. நேரம் தவறிப்போச்சு!"

மேளம் நின்றது. ஒச்சப்பன் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. பதினெட்டாவதும் போச்சே என்று அவன் கண் கலங்கியபோது, செவனம்மா சட்டென்று எழுந்தாள். மொக்கைச்சாமியின் கையை இழுத்து, திருகைத் திருகி, முள்ளைச் சரியாக ஒன்பதில் வைத்து, திருகை உள்ளே அழுத்தினாள். கடிகாரம் ஓடத் தொடங்கியது.

"இப்போ மணி ஒன்பது. சரிதானே?"

"சரிதான்" என்றார் மொக்கைச்சாமி, மறுபேச்சு இல்லாமல். சடைமாயன் நெஞ்சைத் தடவிக்கொண்டார். மேளக்காரர் மறுபடி குச்சியை எடுத்தார்.

"கட்டுங்க" என்றாள் செவனம்மா, மணையில் உட்கார்ந்து கழுத்தை நீட்டியபடி.

ஒச்சப்பன் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அப்புறம் தாலியைப் பத்திரமாகத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு மணையைவிட்டு எழுந்தான்.

"எங்கே போறீங்க?" என்று அவன் வேட்டியைப் பிடித்தாள் அவள்.

"என்ன இப்படிக் கேக்குறே, செவனம்மா? ஒன்பது மணிக்கு நாங்க இன்னும் அடிவாரத்துல தூங்கிட்டுல்ல இருக்கோம்! ஏறி வந்து நிச்சயமே பண்ணலை, அதுக்குள்ள எப்படித் தாலி கட்டுறது?"