சூரியன் தும்மிய வழக்கு

முன்னொரு காலத்தில் குமுதபுரியை மகரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கோபம் வந்தால் சட்டம் போடுவார். கோபம் தணிந்தாலும் சட்டத்தை எடுக்க மாட்டார்.

ஒருநாள் மாசிலாமணிப் புலவர், "அரசே, உங்கள் தேர் கிளப்பிய புழுதியில் சூரியனே தும்மியது" என்று பாடினார். சபை சொக்கிப்போனது. ஆஸ்தான வித்துவான் சபாரஞ்சிதருக்கு மட்டும் வயிறு எரிந்தது.

"சூரியனுக்கு மூக்கு ஏது மகாராஜா? கேட்டால் உயர்வு நவிற்சி என்பார். நம் சட்டத்தில் அதற்குப் பெயர் பொய். சபையில் பொய் சொன்னால் நாக்கை அறுக்க வேண்டும்" என்றார்.

ராஜாவுக்கு அன்று மனசு சரியில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன ராணியிடமிருந்து தகவலே இல்லை. "புலவரைச் சிறையில் போடுங்கள். பௌர்ணமியன்று நாக்கை அறுங்கள். இனி என் சபையில் உவமை, உருவகம், உயர்வு நவிற்சி எதுவும் கூடாது. மீறினால் யாருக்கும் இதே கதிதான்" என்றார்.

மறுநாள் கட்டியக்காரன் நடுங்கிக்கொண்டே கூவினான்: "மகரகேது வருகிறார். குள்ளமானவர். பின்மண்டையில் முடி கிடையாது." அத்தனையும் உண்மை. ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பௌர்ணமிக்கு முதல்நாள், ராணியைப் பார்க்கப் போயிருந்த மந்திரி அறவாழி திரும்பினார். புதுச் சட்டத்தை வாசலிலேயே விசாரித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"பெண் குழந்தை மகாராஜா. தாயும் சேயும் நலம்."

"எப்படி இருக்கிறாள்?"

"இரண்டு கண், ஒரு மூக்கு."

"அதில்லையய்யா, யாரைப் போல இருக்கிறாள்?"

"பதில் சொன்னால் உவமை ஆகிவிடும். எனக்கு நாக்கு வேண்டும். சொல்லத் தெரிந்தவர் சிறையில் இருக்கிறார்."

ராஜா தவித்துப்போனார். புலவரை அழைத்துவந்தார்கள். "குழந்தை என்ன செய்தாள்?" என்று மட்டும் அவர் மந்திரியிடம் கேட்டார்.

"என் விரலைப் பிடித்தாள். விடவே இல்லை."

புலவர் கண்ணை மூடித் திறந்தார். "அரசே, ஏழு தேசத்துப் படை வந்தும் விழாத கோட்டை இது. பல் முளைக்காத ஒருத்தி அங்கே இருந்தபடியே இதைப் பிடித்துவிட்டாள். முதல் கைதி மந்திரி. அடுத்தது நீங்கள்."

கதையில் இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். ராஜா இறங்கி வந்து, மந்திரியின் அந்த விரலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இவர் சொன்னது எதுவும் நடக்கவில்லை. ஆனால் என் மகளை நான் பார்த்துவிட்டேன்" என்றார்.

சட்டம் அப்போதே ரத்தானது. குழந்தைக்குப் பெயர் வைக்கும் உரிமை புலவருக்குக் கிடைத்தது. அவள் பல்லக்குக்கு முன்னால் கட்டியம் கூறிப் போகும் வேலை சபாரஞ்சிதருக்கு.

பல்லக்கு கோட்டைக்குள் நுழைந்த அன்று புழுதி பறந்தது. குழந்தை தும்மியது.

ராஜா திரும்பிப் பார்த்தார். "சபாரஞ்சிதரே, சூரியனுக்கு மூக்கு இருக்கிறதா?"

வித்துவான் பல்லக்குக்குள் எட்டிப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். "இருக்கிறது மகாராஜா. தங்களுடைய மூக்கேதான்."