மேலூத்தில் யார் முந்தி?

"அரசாங்கமா, கம்பெனிகளா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்கம்மா" என்று கேட்டார் தில்லைநாயகம்.

கேட்டவருக்கு வயது ஐம்பத்தெட்டு. தொலைத்தொடர்புத் துறையில் பெரிய அதிகாரி.

கேட்கப்பட்ட வடிவம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஒரு காலத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவள். காரில் நாலு போனை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சிக்னல் அளந்தவள். ஒருநாள் காரைவிட்டு இறங்கியவள் திரும்ப ஏறவில்லை. இந்த மலையடியிலேயே குடிசை போட்டுக்கொண்டாள்.

சம்பளம் வாங்கிய காலத்தில் அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. சம்பளத்தை விட்டதும் எல்லோரும் யோசனை கேட்டுத் தேடி வருகிறார்கள். உலகம் அப்படித்தான்.

அடுத்த தலைமுறை அலைபேசி வலைப்பின்னலை யார் கட்டுவது என்று முடிவு செய்ய ஒரு குழு. நான்கு பேர், அரசாங்கமே கட்டட்டும் என்றார்கள். நான்கு பேர், அலைக்கற்றையை ஏலம் விட்டுக் கம்பெனிகளை மோதவிடுங்கள் என்றார்கள். தலைவர் தில்லைநாயகம் ஒன்பதாவது ஆள். வியாழக்கிழமை அவர் கை எந்தப் பக்கம் உயர்கிறதோ அந்தப் பக்கம்தான் நாடு.

அவருக்கு இதில் பயமில்லை, ஆசை. இப்படியொரு வேகம் வந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்று நினைத்து நினைத்தே பல நாளாகத் தூங்கவில்லை. அதை மூச்சுவிடாமல் சொன்னார். தன் குழப்பத்தையும் சொன்னார்.

"அரசாங்கத்துக்கிட்ட விட்டா கோபுரம் வரும், அத ஓட்ட டீசல் வராது. கம்பெனிகிட்ட விட்டா கடைத்தெருவுல நாலு கோபுரம் வரும், மலையில ஒண்ணுகூட வராது."

"மலைமேல மேலூத்துன்னு ஒரு ஊரு, போயிருக்கீங்களா சார்?" என்று கேட்டாள் வடிவம்மை. குருவான பிறகும் அவளுக்கு அந்த 'சார்' மட்டும் போகவில்லை.

அவர் வரைபடத்தை விரித்தார். மலை முழுக்கப் பச்சை. சிக்னல் இருக்கிறது என்று அர்த்தம். அரசாங்கத்தின் படத்திலும் பச்சை, கம்பெனிகளின் படத்திலும் பச்சை.

"எதுல உக்காந்து அளந்தோம்?"

"கார்ல."

"மேலூத்துக்கு ரோடு?"

தில்லைநாயகம் வரைபடத்தை மடித்தார்.

"அங்க கடைசி வீடு செவந்தியோடது. போயிட்டு வாங்க, பேசலாம்."

ஏறினார். முதல் வளைவிலேயே போனில் சிக்னல் போய்விட்டது. பாதி வழியில் ஓர் அரசாங்கக் கோபுரம் நின்றது. திறப்புவிழாக் கல்வெட்டு புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. கோபுரத்தின் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன.

ஒன்றரை மணி நேரம் கழித்து, நாக்கு தள்ள, கடைசி வீட்டு வாசலை மிதித்தார். உள்ளே ஒரு பெண் அலறினாள். செவந்தியின் மருமகளுக்கு அப்போதுதான் வலி எடுத்திருந்தது.

செவந்தி ஓடிவந்தாள். கையில் போன் இல்லை, சிவப்புச் சேலை இருந்தது. வந்தவர் யார் என்னவென்று அவள் கேட்கவில்லை. சேலையின் ஒரு முனையை அவர் கையில் திணித்தாள்.

"வேடிக்க பாக்காத சாமி. பாறமேல ஏறு. ஒசத்திப் பிடி."

பிடித்தார். அகலப்பாறைமேல் நின்று இருவரும் சேலையை ஆட்டினார்கள். மலையடியில் சாலையோரம் எதிரெதிராக இரண்டு டீக்கடைகள் சின்னதாகத் தெரிந்தன. சேலையைப் பார்த்தால் கடைக்காரன் 108-க்கு போன் போடுவானாம்.

"ரெண்டு பேர்ல யாரு?"

"எவன் முந்துறானோ அவனுக்குத்தான் அந்த மாசம் எங்க ஊர்ப் பால் பூரா. ரெண்டு பேருக்கும் ஆகாது. மலையப் பாத்துக்கிட்டேதான் டீ ஆத்துவானுங்க."

"ஒருத்தனையே பாத்துக்கச் சொன்னா என்ன?"

"முன்னாடி அப்படித்தான் இருந்துச்சு. தூங்கிட்டான்."

"சும்மா ரெண்டு பேரையும் போட்டி போட விட்டா?"

"அதையும் பாத்தாச்சு. ரெண்டு பேரும் பஸ்ஸுல வர்ற கிராக்கியப் பாத்து நின்னானுங்க. அப்புறந்தான் ஊர்க்கூட்டம் போட்டுப் பால் கணக்க இந்தச் சேலையில முடிஞ்சோம்."

கீழே பளிச்சென்று ஒரு மின்னல். பார்த்துவிட்டேன் என்று எவனோ கண்ணாடியைக் காட்டினான். அடுத்த கணமே எதிர்க்கடையிலிருந்தும் ஒன்று. முப்பத்திரண்டு வருஷ வேலையில் ஒரு சிக்னல் கிடைத்ததற்காகத் தில்லைநாயகம் இப்படிக் குதித்ததில்லை. பாறைமேல் நிஜமாகவே குதித்தார்.

நான்கு பேர் கம்பில் தொட்டில் கட்டிப் பெண்ணைத் தூக்கினார்கள். ஒருவன் கால் இடறிய இடத்தில் அவரும் தோள் கொடுத்தார். இறங்கி முடிக்கும்போது ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. கடைக்காரர்கள் இருவரும் வண்டிக்கு இருபுறமும் நின்று நான்தான் முந்தி, நான்தான் முந்தி என்று கத்திக்கொண்டிருந்தார்கள். டிரைவர் 108 ஆபீஸுக்குப் போன் வந்த நேரத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னார். பதினோரு வினாடி வித்தியாசம்.

வண்டி கிளம்புவதற்குள் உள்ளே குழந்தை வீறிட்டது. செவந்தி அழுதாள். தில்லைநாயகமும் அழுதார், வெட்கப்படவில்லை.

சட்டையெல்லாம் வியர்வையாகக் குடிசைக்கு வந்தார். வடிவம்மை முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சார், அரசாங்கமா, கம்பெனியா?"

அவர் போனை எடுத்துக் குழுவின் செயலாளரைக் கூப்பிட்டார். வியாழக்கிழமைக் கூட்டம் சென்னையில், பத்தாவது மாடியில் இல்லை என்றார். எட்டு உறுப்பினர்களும் மேலூத்தில் செவந்தி வீட்டுக்கு வர வேண்டும், நடந்துதான் வர வேண்டும் என்றார்.

செயலாளருக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"அங்க சிக்னல் எடுக்குமா சார்?"

"எடுக்காது" என்றார் தில்லைநாயகம். "வாங்க."