குழாய்க்காரர் நம்பர்

ஆரணி போன் கடையில் அன்று மூன்று பேர்: முதலாளி தனகோடி, பழுதான போனோடு வந்திருந்த தையற்காரி ரெஜினா, புது போன் வாங்க வந்த குழாய்க்காரர் ஏகாம்பரம். அவருடைய பழைய போன் தண்ணீரில் விழுந்து செத்திருந்தது.

"போனோட நம்பரும் செத்துதுய்யா. புது சிம் வாங்கு," என்றார் தனகோடி.

ஏகாம்பரத்துக்குச் சந்தேகம். ஊரில் நூறு வீட்டுச் சுவரில் அந்த நம்பர்தான் எழுதியிருந்தது; அது போனால் பிழைப்பு போச்சு. தனகோடி பில் எழுதி முடிப்பதற்குள், அவருக்குத் தெரியாமல் பழைய சிம்மைக் கழற்றிப் புது போனில் போட்டுக்கொண்டார்.

"நெஜமாவே செத்துதா முதலாளி?"

"இருபது வருஷமா கடை நடத்தறேன். எனக்கே பாடமா?"

"ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டுங்க, நம்பிடறேன்."

தனகோடி ரெஜினாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அந்தப் பழைய நம்பரைக் கூப்பிட்டார். ஏகாம்பரம் கையிலிருந்த புது போன் அலறியது.

"அலோ, ஏகாம்பரம் பேசறேன். எந்தத் தெரு, எந்தக் குழாய்?"

தனகோடி பேச்சை நம்பித் தனக்கென்று எடுத்திருந்த புது சிம்மை ரெஜினா திரும்ப வைத்தாள். அன்று விற்க வைத்த சிம் ஒன்பது. மிச்சம் ஒன்பது.