கீறல் விழாத வாள்கள்

வெயிலாளும் நிழலாளும் உடன்பிறந்த அக்கா தங்கை. அந்த மலைநாட்டில் இதை யாரும் மறுத்ததில்லை. ஆனால் கோயில் கட்டியது அக்காவுக்கு மட்டும்தான். தங்கைக்கு மலையடியில் ஒரு பள்ளத்தாக்கையும், நினைத்தபோதெல்லாம் நாலு வசவையும் கொடுத்தார்கள்.

அறுபது எழுபது வருடங்களுக்கு ஒருமுறை அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து இருட்டு பொங்கி, வயல் வயலாக மேலே ஏறும். பட்டப்பகலில் கோழிகள் கூடடையும். பயிர் வெளுத்துச் சாயும். அப்போது மீள்வான் பிறப்பான். ஒரே வீரன்தான் மறுபடி மறுபடி பிறந்து வருகிறான் என்பது நாட்டு நம்பிக்கை.

எட்டு வயதில் கோட்டைக்காரர்கள் அவனை அடையாளம் கண்டு கூட்டிப்போவார்கள். அதற்குப் பிறகு பெற்றவள் முகத்தை அவன் பார்க்கக் கூடாது. பன்னிரண்டு வருடம் வாள் பழகுவான். இருபதாவது வயதில் பள்ளத்தாக்குக்குள் தனியாக இறங்குவான். இருட்டு வடிந்துவிடும். அவன் மட்டும் வரமாட்டான். பாணர்கள் பாட்டுக் கட்டுவார்கள். ஊர் ஒரு பாட்டம் அழுதுவிட்டுச் சாப்பிடப் போகும்.

இப்படிப் பதினொரு முறை நடந்துவிட்டது. பன்னிரண்டாவது மீள்வான் தும்பையின் மகன் அரும்பனாக இருக்கலாம் என்று இப்போது பேச்சு. அவன் உள்ளங்கையில் மீள்வானுக்குரிய மச்சம் இருந்தது. நாளைக்குக் காலையில் கோட்டையிலிருந்து சோதிக்க வருகிறார்கள்.

தும்பை, வாள்மாடத்தின் மாணாக்கி. மலைமுகட்டில் இருந்த அந்த மாடத்தில்தான் பதினொரு மீள்வான்களின் வாள்களும் மற்ற பொருள்களும் இருந்தன. புருஷன் செத்த வருடம், இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தவள். அங்கே ஆசானாக இருந்த மருதி அவளைவிடப் பதின்மூன்று வயது இளையவள். ஆசானை மாணாக்கி ‘நீங்க’ என்பாள். மாணாக்கியை ஆசான் ‘அக்கா’ என்பாள். இரண்டு பேருக்குமே அதில் கூச்சம் இல்லை.

அன்று காலை அரும்பன் ஆசானிடம் ஓடி வந்தான்.

“ஆசானே, எனக்கு எல்லாம் மனப்பாடம். சீப்பை எடுக்கக் கூடாது. உடைஞ்ச சங்கை எடுக்கக் கூடாது. மோதிரத்தைத் தொடவே கூடாது.”

“யாரு சொல்லிக்கொடுத்தா?”

“அம்மாதான். உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னும் சொன்னாங்க.”

தும்பைக்கு முகம் சுருங்கிப் போயிற்று. மகன் தன் கெட்டிக்காரத்தனத்தில் மகிழ்ந்து, துள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

சோதனை இதுதான். மீள்வானின் பழைய சீப்பு, சங்கு, மோதிரம் மூன்றையும் ஒன்பது புதுப் பொருள்களோடு கலந்து துணியில் பரப்புவார்கள். பிள்ளை அந்த மூன்றையும் சரியாக எடுத்தால் அவனேதான் இவன். பல் முளைக்கிற வயதிலிருந்து அந்தச் சீப்பைக் கடித்து வளர்ந்த பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு சோதனையா? இந்தக் குளறுபடி கோட்டையில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. தும்பைக்கு உறைத்தது. அதனால்தான் எடுக்கக் கூடாததைச் சொல்லிக்கொடுத்தாள்.

“தப்புதான் ஆசானே,” என்றாள். “ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவன் மீள்வானா, என் பிள்ளையா?”

மருதி முற்றத்தைக் காட்டினாள்.

“வாள்களை எல்லாம் வெயிலுக்கு எடுத்துட்டு வாங்க அக்கா.”

பதினொன்றையும் முற்றத்தில் வரிசையாகக் கிடத்தினாள் தும்பை.

“எட்டு வருஷமா இதையெல்லாம் துடைக்கிறீங்க. எதிலயாவது கீறல் இருக்கா?”

தும்பை குனிந்து பார்த்தாள். பார்க்கவே தேவையில்லை. அவள் கைக்குத் தெரியும்.

“இல்ல.”

“ரத்தக் கறை?”

“இல்ல. உலையிலேருந்து எடுத்த மாதிரியே இருக்கு.”

“எங்கே கிடைச்சதாம்?”

“பள்ளத்தாக்கு வாசல்ல. உறையோட பாறையில சாத்தி வெச்சிருந்ததாம்.”

“அப்போ சண்டை?”

பாணர்கள் பாடிய அத்தனை போர்களும் தும்பையின் தலைக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன.

“சண்டையே நடக்கலையா? பின்னே இருட்டு எப்படி வடிஞ்சது?”

“வெயிலாளும் நிழலாளும் ஒரே தொட்டில்ல கிடந்தவங்க,” என்றாள் மருதி. “அக்காவைத் தூக்கி வெச்சுக் கொஞ்சினாங்க. தங்கச்சியைப் பார்த்துப் பயந்தாங்க. தூக்க ஆளில்லாத பிள்ளை என்ன பண்ணும்?”

“அழும்.”

“அழுகைக்கு யாரும் வரலைன்னா?”

“இன்னும் சத்தமா அழும்.”

மருதி தலையசைத்தாள். “இருபது வயசுல ஒருத்தன் உள்ளே போறான். அறுபது எழுபது வருஷம் சத்தமே இல்ல. கணக்குப் போட்டுப் பாருங்க.”

தும்பை கணக்குப் போட்டாள். அது ஒரு மனித ஆயுள்.

“அப்போ அவங்க யாரும் சாகலையா? அங்கேயே இருந்து கிழவனாகிச் செத்தாங்களா?” அவள் குரல் எழும்பியது. “ஆசானே, அப்படீன்னா ஒரு எட்டு வந்து அம்மாவைப் பார்த்துட்டுப் போயிருக்கலாமே! பதினொரு பேர்ல ஒருத்தனுக்கும் மனசு வரலையா?”

“வாள்களை உள்ளே வெச்சிடுங்க அக்கா. வெயில் ஏறுது.”

ஆசான் எழுந்து உள்ளே போய்விட்டாள். இப்படிப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறாளே என்று தும்பைக்குக் கோபம்கூட வந்தது.

மறுநாள் கோட்டைத் தலைவர் எட்டுக் குதிரைகளோடு வந்தார். துணி விரித்தார்கள். பன்னிரண்டு பொருள்களையும் மருதியே பரப்பினாள். அரும்பன் துணியருகே உட்கார்ந்தான். சீப்பைப் பார்த்தான். பழகிய நாய்க்குட்டியைப் பார்க்கிற மாதிரி அவன் முகம் மலர்ந்தது.

அவன் கண்ணாடியை எடுத்தான். மணியை எடுத்தான். மரக்குதிரையை எடுத்தான். அதைக் கீழே வைக்கவே மனமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டான்.

தலைவர் மருதியைப் பார்த்தார். “நீங்க என்ன சொல்றீங்க ஆசானே?”

“பிள்ளை எடுத்ததை நீங்களே பார்த்தீங்க.”

குதிரைகள் திரும்பிப் போயின. தும்பை பனைவெல்லம் போட்டுப் பொங்கல் வைத்து மகனுக்கு ஊட்டினாள். போதும் போதும் என்று அவன் ஓடும்வரை ஊட்டினாள். எட்டு வருடத்தில் அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை.

அது ஒன்பது நாள்தான் நீடித்தது. இருட்டு திடீரென்று நான்கு வயல் ஏறிவிட்டது. கீழ்வீடுகளில் இருந்தவர்கள் பாயும் சட்டியும் கன்றுக்குட்டியுமாக மாடத்து முற்றத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி கையில் பச்சைக்குழந்தை. அவர்கள் வீட்டு மாட்டுக்குப் பால் வற்றிவிட்டதாம்.

தும்பை எல்லாருக்கும் கஞ்சி ஊற்றினாள். ஒருவர் முகத்தையும் அவளால் பார்க்க முடியவில்லை. கரண்டியை வைத்துவிட்டு ஆசானிடம் போனாள்.

“கோட்டைக்குப் போய்ச் சொல்லிடட்டுமா?”

“என்னன்னு?”

“பிள்ளையைப் பொய் சொல்ல வெச்சேன்னு.”

“சொன்னா?”

“கூட்டிட்டுப் போயிடுவாங்க.” அவள் சொல்லும்போதே அழுதுவிட்டாள். “என்னால முடியாது ஆசானே. அந்தக் குழந்தையைப் பார்த்தா வயிறு எரியுது. என் பிள்ளையைப் பார்த்தாலும் வயிறு எரியுது. நான் என்னதான் பண்ணட்டும்?”

மருதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “முதல்ல அவனைச் சாப்பிடக் கூப்பிடுங்க. உச்சிவேளை ஆச்சு.”

அரும்பன் முற்றத்தில் இல்லை. மாடத்தில் இல்லை. கீழ்வீட்டுப் பிள்ளைகள் சொன்னார்கள்.

“யாரோ அழுறது கேக்குதான்னு எங்ககிட்டக் கேட்டான். எங்களுக்குக் கேக்கல. கீழே போயிட்டான்.”

தும்பை ஓடினாள். வரப்பில் இரண்டு இடத்தில் விழுந்தாள். மருதி பின்னாலேயே ஓடி வந்தாள்.

நான்காவது வயலில் வெயில் முடிந்தது. அதற்கப்பால் கரைதொட்டு நிற்கிற குளத்து நீர்போல இருட்டு நின்றது. அந்த ஓரத்தில் பாதி உடம்பு வெயிலிலும் பாதி உடம்பு இருட்டிலுமாக அரும்பன் உட்கார்ந்திருந்தான். எதிரே ஒன்றும் தெரியவில்லை. அவன் இருட்டைத் தட்டிக்கொண்டிருந்தான்.

மூன்று விரலால் தட்டினான். தும்பைக்குச் சுண்டுவிரல் மடங்காது. அதனால் அவள் அப்படித்தான் அவனைத் தட்டித் தூங்கவைப்பாள். அவள் பாடுகிற தாலாட்டையே அவனும் பாடினான். அவளுக்கு மூன்றாவது அடியில் எப்போதும் ராகம் தப்பும். அவனுக்கும் அங்கேயே தப்பியது.

தும்பை கூப்பிட வாய் திறந்தாள். மருதி அவள் தோளைத் தொட்டாள்.

காலடிச் சத்தம் கேட்டு அரும்பன் திரும்பினான். உதட்டில் விரல் வைத்தான்.

“சத்தம் போடாதம்மா. இப்பதான் தூங்குறா.”

பெற்றவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகன் இன்னும் இரண்டு முறை அந்தப் பாட்டைப் பாடினான். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருட்டின் ஓரம் பின்வாங்கி, வயலை விட்டு இறங்கி, அடுத்த வயலையும் விட்டு இறங்கியது. வெளுத்த பயிர்மேல் வெயில் விழுந்தது. தூரத்தில் எங்கோ ஒரு சேவல், நேரம் குழம்பிப்போய்க் கூவிற்று.

அரும்பன் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டான். நேரே அம்மாவிடம் வந்தான்.

“அம்மா, பசிக்குது.”

தும்பை அவனை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளை, கால் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. இறக்கிவிடு என்று அவன் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

“நாளைக்கும் வரணும்மா. முழிச்சா என்னைத் தேடுவா.”

“வரலாம். சாப்பிட்டுட்டு வரலாம்.”

கொஞ்ச தூரம் ஏறுவதற்குள் அவன் அவள் தோளில் தூங்கிப்போனான். தும்பை மெதுவாக நடந்தாள். மருதி முன்னால் போய் முள்ளை ஒதுக்கிவிட்டாள்.

“ஆசானே.”

“சொல்லுங்க அக்கா.”

“அவங்களும் இதைத்தானே செஞ்சாங்க? பதினொரு பேரும்?”

“ஆமா.”

“இவன் வந்துட்டான். அவங்க ஏன் வரல?”

மருதி நின்றாள். தூங்குகிற பிள்ளையின் காலில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

“பசிக்குதுன்னு போய்ச் சொல்ல அவங்களுக்கு யாரை விட்டுவெச்சாங்க, அக்கா?”